றங்குப் பெட்டிக்குள் ஒரு நகரப்படம்



தபால் முத்திரை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயங்களைப் போத்தலில் போட்டு வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். ஆனால் பழைய நகரப்படங்களைத் தேடித்தேடிச் சேர்க்கும் ஒரு கூட்டம் உலகில் உண்டென்று எங்கள் கல்முனைக் கரையில் சொன்னால் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் மனிதனுக்கு விக்டோரியா மகாராணி காலத்துத் தேசப்படத்தோடு என்ன உறவு என்று எங்கள் கல்லூரிப் புவியியல் ஆசிரியையே கேட்டதுண்டு. அவருக்கு அன்று ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. இன்று அதற்கு ஒரு முயற்சி.

ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பில் தங்கியிருந்த காலம். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அங்கே மட்டை கிழிந்து, முன்பக்கங்களும் போய்விட்ட ஓர் ஆங்கில வழிகாட்டி நூல் கையில் அகப்பட்டது. அதன் பின்பக்கத்தில் எட்டாக மடித்து ஒட்டப்பட்ட கொழும்பு நகரப்படம் ஒன்று. நூலுக்காக அல்லாமல் அந்தப் படத்துக்காகவே அதை வாங்கினேன். கல்முனைக்கு வரும் இரவு பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விரித்துப் பார்க்க இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

வீட்டில் விரித்தபோது முதல் கேள்வி, இது எந்த ஆண்டுப் படம் என்பது. படத்தில் ஆண்டு அச்சிடப்படவில்லை. நூலில் ஆண்டு இருந்த பக்கமும் இல்லை. பழைய படங்களோடு பழகியோர் இந்த இடத்தில் துப்பறிவாளர்களாகி விடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கொழும்புக் கோட்டையின் மதில்களை 1869இல் இடிக்கத் தொடங்கினார்கள். என் படத்தில் மதில் இல்லை. ஆகவே அதற்குப் பிந்தியது. புகையிரதப் பாதை கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1867இல். படத்தில் பாதை இருக்கிறது. கறுவாத்தோட்டத்தில் நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அதுவும் இருக்கிறது. துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். அது முடிய ஏறத்தாழப் பத்து வருடம் சென்றது. என் படத்தில் அந்த ஒரு கை முழுதாகக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுற்ற மற்றைய கைகள் இல்லை. 1899இல் வந்த மின்சார ட்ராம் வண்டிப் பாதையும் இல்லை. ஆக, 1885க்கும் 1899க்கும் இடைப்பட்ட கொழும்பு என் மேசையில் கிடந்தது. கல்வெட்டு ஒன்றைப் படித்து அரசன் பெயரைக் கண்டுபிடித்தவனின் மகிழ்ச்சி எனக்கு அன்றிரவு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படம் அச்சிடுவோர் பழைய தகட்டையே வைத்துக்கொண்டு, புதிதாக வந்தவற்றில் சிலதைச் சேர்த்தும் சிலதைச் சேர்க்காமலும் மீண்டும் மீண்டும் அச்சிடுவார்கள். ஆகவே ஒரு படத்தில் ஒன்று இருப்பது நல்ல சாட்சி. இல்லாதிருப்பது அவ்வளவு நல்ல சாட்சியாகாது. படத்தில் காணாதது தரையிலும் இருக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த விதியை அன்று ஒரு சேகரிப்பாளனின் விதியாகவே கற்றுக்கொண்டேன். அதற்கு வேறு பொருள் உண்டென்பது பின்னால்தான் விளங்கியது.

படத்தில் பெயர்களைப் படிப்பதுதான் தமிழாசிரியனுக்கு உவப்பான வேலை. புறக்கோட்டைக்கு அப்பால் பழைய சோனகத் தெரு, புதிய சோனகத் தெரு என்று இரண்டு தெருக்கள் ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் மருதமுனைச் சாறனும் நெசவுத்துணியும் பொதிபொதியாகப் போய் இறங்கிய வட்டாரம் அது. வாவிக்கரையில் அடிமைகளின் தீவு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் கிடக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் அந்த இடத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நமக்கு அது கொம்பனித்தெரு. ஒரே நகரத்துக்கு அச்சில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயரும் இருந்திருக்கின்றன. படம் வரைந்தவர் அச்சுப் பெயரை மட்டுமே கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலத்தைப் போல நகரப்படங்கள் பெருகிய காலம் முன்பு இருந்ததில்லை. காரணம் ஆர்வம் மட்டுமன்று, பயமும்தான். தொழிற்சாலை நகரங்களில் சனம் நெருங்கியது. வாந்திபேதி வந்தது. கழிவுநீர் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் வாய்க்கால் வெட்ட முடியாது. பிரித்தானிய அரசின் நில அளவை நிறுவனம், நாலாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த நகரங்களை ஐந்நூற்றில் ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் வரைந்தது. அந்தத் தாள்களில் தெருவிளக்குக் கம்பமும் தண்ணீர்க் குழாயும் வீட்டுத் தோட்டத்து நடைபாதையும் கூடத் தெரியும். 1854இல் இலண்டனின் சோஹோ பகுதியில் வாந்திபேதியில் செத்தவர்களை வீடுவீடாகத் தெருப்படத்தில் குறித்தார் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர். கோடுகள் எல்லாம் புரோட் தெருவின் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றி நெருங்கி நின்றன. நோய் காற்றில் வருகிறது என்று நம்பியிருந்த காலத்தில், தண்ணீரில் வருகிறது என்பதற்கு அந்தப் படம் பெரும் சான்றாயிற்று. சார்ள்ஸ் பூத் என்பவர் 1889இல் இலண்டன் தெருக்களுக்கு வருமானத்தின்படி நிறம் தீட்டி வெளியிட்டார். ஆக வறியவர்க்குக் கறுப்பு, செல்வர்க்கு மஞ்சள். எங்கள் ஊரில் யாராவது இப்படி ஒரு படம் கீறினால் அடுத்த நாள் அவருக்குத் தெருவில் நடக்க முடியாது.

மலிவான படங்களும் வந்தன. 1826இல் இலண்டனில் தோன்றிய பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம், உலக நகரங்கள் ஏறத்தாழ ஐம்பதின் படங்களை நடுத்தரக் குடும்பங்களும் வாங்கத்தக்க விலையில் அச்சிட்டது. கல்கத்தா அதில் உண்டு. கொழும்பு இல்லை. எட்வர்ட் ஸ்ரான்போர்ட் என்பவர் 1862இல் மைலுக்கு ஆறங்குலம் என்ற அளவில் இலண்டன் படம் ஒன்றை இருபத்துநான்கு தாள்களில் வெளியிட்டார். அவருடைய கடையின் புகழ் இலக்கியத்துக்குள்ளும் புகுந்தது. பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்க் கதையில் துப்பறியும் ஷெர்லொக் ஹோம்ஸ் சதுப்புவெளியின் படத்தை ஆளனுப்பி வாங்குவது அந்தக் கடையை நினைவூட்டும் பெயருள்ள ஒரு கடையில்தான். படத்தை விரித்துக்கொண்டு, தான் அன்று முழுவதும் அங்கேதான் மனத்தால் உலாவினேன் என்ற பொருளில் ஹோம்ஸ் பேசுவான். சேகரிப்போர் எல்லோருக்கும் உள்ள நோய் இது.

இப்படங்களில் உண்மையும் போலியும் பிரித்தறிய வேண்டும். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டதானால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். கல்லச்சுக்கு அது இருக்காது. கையால் பூசிய வர்ணம் ஓரங்களில் சற்றுத் தடித்து நிற்கும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பிற்காலப் பிரதி. கந்தல் துணியில் செய்த பழைய கடதாசி நூற்றைம்பது வருடம் சென்றும் வளைந்து கொடுக்கும். அந்நூற்றாண்டின் கடைசியில் பரவிய மரக்கூழ்க் கடதாசி பழுப்பேறி, மடிப்பில் முறிந்து விழும். என் கொழும்புப் படம் இரண்டாவது சாதி. எட்டு மடிப்பில் மூன்று ஏற்கெனவே விட்டுப் போயின. வெளியீட்டாளரின் கடை முகவரியும் காலம் காட்டும். ஸ்ரான்போர்ட் கடை லோங் ஏக்கர் தெருவுக்குப் போனது 1901இல். அந்த முகவரி இருந்தால் அது மகாராணி கண்மூடிய ஆண்டோ அதற்குப் பிந்தியதோ ஆகும்.

இந்தச் சேகரிப்பில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. முழு நூலாக விற்பதைவிடத் தாள்தாளாக விற்றால் இலாபம் என்பதால், பழைய தேசப்படத் தொகுதிகளைக் கத்தியால் வெட்டிப் பிரித்து, சட்டம் போட்டு, சுவரில் தொங்கவிட விற்கிறார்கள். ஒரு நூல் செத்து நாற்பது அலங்காரங்கள் பிறக்கின்றன. நானும் வழிகாட்டி நூலில் இருந்து படத்தைப் பிரித்தவன்தானே என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிக்கவில்லை. நூலும் படமும் ஒன்றாகவே இருக்கின்றன.

கொழும்பைப் படித்து முடித்தபின் இயல்பாகவே ஆசை ஊர்ப்பக்கம் திரும்பியது. எங்கள் கல்முனைக்கு, சாய்ந்தமருதுக்கு, நிந்தவூருக்கு இப்படி ஒரு விக்டோரியா காலத்து நகரப்படம் கிடைக்குமா?

அளவைக் கலை இந்தப் பக்கம் புதிதன்று. சென்னையில் நில அளவைப் பள்ளி 1794இலேயே தொடங்கிவிட்டது. வில்லியம் லம்ப்டன் பரங்கிமலையின் அருகே 1802இல் சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டில் இருந்துதான் இந்தியப் பெரு முக்கோண அளவை வளர்ந்து இமயம் வரை சென்றது. அதற்கும் இரண்டு வருடம் முன்னதாக, 1800 ஓகஸ்ட் 2ஆந் திகதி, தேசாதிபதி பிரடெரிக் நோர்த் இலங்கை நில அளவைத் திணைக்களத்தை அமைத்தார். முதல் தலைவர் ஜொன்வில் என்ற பிரெஞ்சுக்காரர். பின்னர் ஜோன் பிரேசர் என்ற படை அதிகாரி தீவு முழுவதற்கும் ஒரு படம் வரைந்தார். நம் நாட்டு வீதிகளை அமைத்த தோமஸ் ஸ்கின்னரும் அந்த அளவையில் உழைத்தவர். இலண்டனில் ஜோன் அரோஸ்மித் செதுக்கி 1862இல் வெளியிட்ட அந்தப் பிரேசர் படம் சேகரிப்போருக்கு இன்றும் ஒரு கனவு.

ஆனால் இவை நாட்டுப் படங்கள். படைக்கும் கோப்பிக்கும் வீதிக்கும் வேண்டியவை. தெருத்தெருவாக வரைந்த நகரப்படம், துரைமார் வாழ்ந்த கொழும்புக்கும் கண்டிக்கும், கப்பல் வந்த காலிக்கும் உரிய ஆடம்பரம். கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று என்று நிர்வாகத்தின் வாயில் நின்ற எங்கள் கரை, மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு கடற்கோடு, அதன் பின்னால் ஒரு வாவி, வயற்குறிகள், சில பெயர்கள்.

மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில் தீவு முழுவதையும் வரையும் இடவிளக்கப்பட வேலை 1897இல்தான் தொடங்கிற்று. மகாராணியின் வைரவிழா ஆண்டு அது. வேலை முடிந்தது 1924இல். காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்த 1892இல் அவருடைய ஊரை யாரும் ஓரங்குலத் தாளில் வரைந்திருக்கவில்லை. அதே 1892இல் பிறந்த இன்னொருவர் ஆர். எல். புரோஹியர். நில அளவைத் திணைக்களத்தில் வாழ்நாளைக் கழித்து, 1950, 51ஆம் ஆண்டுகளில் இலங்கையின் நிலங்களையும் படங்களையும் அளவைகளையும் பற்றி இரு பாகங்களில் நூல் எழுதியவர். இந்நாட்டில் பழைய படங்களைப் பற்றிப் பேசும் எவரும் அவரை வணங்காமல் தாண்ட முடியாது.

எங்கள் பகுதியின் பழைய ஓரங்குலத் தாள் ஒன்றின் பிரதியை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் பார்க்கக் கிடைத்தது. மருதமுனையில் இருந்து சாய்ந்தமருது வரை என் கை நீளத்துக்குள் அடங்கிவிட்டது. விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டுக்கு முன்னமே ஊர் முடிந்துவிடும். தெரு ஒன்றும் இல்லை. பள்ளிவாசலும் கோயிலும் ஒரு சின்னக் குறி. கொழும்பில் ஒரு வெள்ளைக்காரரின் பங்களாவுக்குக் கிடைத்த இடம் இங்கே ஒரு முழு ஊருக்குக் கிடைக்கவில்லை.

என்றாலும் அந்தத் தாள் எனக்கு ஒரு பாடம் நடத்திற்று. கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை, பாலமுனை என்று எத்தனை முனைகள்! வகுப்பில் முனை என்றால் தண்ணீருக்குள் நீண்ட தரை என்று சொல்லிக் கொடுக்கிறோம். இன்று இவ்வூர்களின் தெருக்களில் நின்று பார்ப்பவனுக்கு மதிலும் கடையும்தான் தெரியும். ஓரங்குலத் தாளில் வாவியின் கைகள், தோணாக்கள், பள்ளக்காணிகள் எல்லாம் இன்றைய நிரப்பலும் கட்டடமும் இல்லாமல் திறந்து கிடக்கின்றன. பெயர் சொன்ன சாட்சியைப் படம் ஒத்துக்கொள்கிறது. கடலில் இருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் சம்மாந்துறைக்கு ஏன் துறை என்ற பெயர்? சம்மான் என்ற தோணி வந்து அடைந்த துறை என்று ஊரில் சொல்வார்கள். மட்டக்களப்பு வாவி தெற்கே வந்து சேரும் இடத்தைப் படத்தில் விரலால் தொட்டால் அந்தக் கதையைத் தள்ள மனம் வராது. பக்கத்திலே கிட்டங்கி. பண்டசாலை என்ற பொருளைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் கரை. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தையும், வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகத்தையும் இப்படிப்பட்ட ஒரு தாளை அருகில் விரித்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பேன். அப்படிப் படித்தபோது எனக்கு அந்நூல்கள் வேறு நூல்களாகி விட்டன.

அந்தத் தாளில் இல்லாதவையும் உண்டு. அம்பாறை ஒரு குளத்தின் பெயர். நகரம் இல்லை. பட்டிப்பளை ஆறு அணைக்கட்டின்றித் தன் போக்கில் இறங்கி வருகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. குடியேற்றங்கள் வந்தன. வாய்க்கால்கள் வந்தன. 1961இல் மட்டக்களப்பில் இருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் வந்தது. அந்தக் கல்லோயா அபிவிருத்திச் சபையில் பணியாற்றியவர்களுள் மேலே சொன்ன புரோஹியரும் ஒருவர். பழைய படங்களின் வரலாற்றை எழுதியவரே எங்கள் பழைய படம் மாறிய வேலையிலும் கைவைத்திருக்கிறார்.

நகரப்படம் தேடிப்போன எனக்கு, வேறொரு வகைப் படம் கண்ணில் பட்டது இதற்குப் பிறகுதான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. காடாக, தரிசாக, ஆட்சியின்றிக் கிடக்கும் காணி யாவும், வேறுவிதமாக நிரூபிக்கும் வரை முடிக்குரியது எனக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். உழுது உண்டவன் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு கந்தோருக்குப் போக முடியாது. கடதாசி வேண்டும். படத்தில் காணாதது தரையிலும் இல்லை என்று சேகரிப்பாளன் சொன்னால் அது சின்னத் தவறு. அரசாங்கம் சொன்னால் அது சட்டம். முடி விற்ற காணிக்குச் சேவையர் சங்கிலி போட்டு அளந்து, எல்லை கீறி, இலக்கமிட்டுக் கொடுத்த காணிப்படம் அன்று முதல் எங்கள் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. பிளான் என்று நாம் சொல்லும் அதே தாள்தான். உறுதியோடு சுருட்டி, சாம்பிராணி வாசத்துடன் றங்குப் பெட்டியின் அடியில் கிடப்பது. விக்டோரியா காலத்துப் படங்களை இலண்டன் வரை தேடியவனுக்கு அடுத்த ஒழுங்கையில் அவை கிடந்தது தெரியவில்லை.

அந்த ஒழுங்கையைக் காட்டித் தந்தவர் சேவையர்மாருடன் சங்கிலிக்காரராக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் ஊர் ஒன்றில் இருக்கிறார். நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கொழும்புப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கீறல் நல்ல சுத்தம் மாஸ்டர். ஆனா இதுல அளந்தவன்ட கையெழுத்து இல்லையே. எல்லைக்கல்லும் இல்ல. இத வெச்சி ஒரு வேலியையும் போடேலாதே" என்றார். மறுகா உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்தார்.

அவருடைய பாட்டனாரின் தகப்பன் 1880களில் வாங்கிய தென்னந்தோட்டத்தின் படம் அது. கடற்கரையோரக் காணி. கறுப்பு மையால் கீறி, எல்லையைச் சுற்றி மெல்லிய சிவப்புப் பூச்சு. இரண்டு சங்கிலி ஓரங்குலம். சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி, நூறு கண்ணி. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இந்தக் கணக்கைக் காக்கா மனனமாகச் சொன்ன விதம், எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைவிட அழகு. படத்தின் நாலு பக்கத்திலும் எல்லைக்காரர் விபரம். மேற்கே வண்டிப் பாதை. வடக்கே ஒரு போடியாரின் வளவு. அவர் தமிழர். தெற்கே ஒரு லெவ்வையின் தோட்டம். கிழக்கே கடற்கரை. இரண்டு சமூகத்துப் பெயர்களும் ஒரே கையெழுத்தில், ஒரே தாளில், ஒருவருக்கொருவர் எல்லையாக நிற்கின்றன. பிற்கால வரலாற்றில் இந்த இரு பக்கத்தாரும் ஊரைவிட்டு ஓடிய நாட்களில் இப்படிப்பட்ட தாள்கள் எத்தனை எரிந்தன, எத்தனை வழியில் விழுந்தன என்பதை நேயர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாள் ஓரத்தில் நெளிந்து, ஒரு மூலையில் மை கலைந்திருந்தது. 2004 டிசம்பர் 26இன் கடல். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதிலும் எங்கள் கரை பட்ட பாடு எழுத்தில் அடங்காது. காக்காவின் கடற்கரை வீடு அத்திவாரத்தோடு போயிற்று. பெட்டி மட்டும் பிரதான வீதிப் பக்கம் மகளின் வீட்டில் இருந்தது. அங்கும் இடுப்பளவு தண்ணீர். உறுதிகளையும் படத்தையும் பன்பாயில் விரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, நிழலில் மூன்று நாள் காயவைத்தாராம். வெயிலில் போட்டிருந்தால் சுருண்டு உடைந்திருக்கும். அது மட்டும் கந்தல் கடதாசியாக இல்லாமல் என் கொழும்புப் படத்தின் சாதியாக இருந்திருந்தால், அன்றே கூழாகியிருக்கும்.

தண்ணீர் வடிந்தபின் கரையில் வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, மரம் இல்லை. மணல் மட்டும். எது யாருடைய வளவு என்று சொந்தக்காரருக்கே பிடிபடவில்லை. கடலில் இருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக் கூடாதென்று ஒரு விதியும் அப்போது வந்தது. பின்னர் தளர்த்தப்பட்டது. தளர்த்தியபோது, இருநூறு மீற்றருக்குள் தன்னுடையது எவ்வளவு என்று காட்ட வேண்டிய அவசியம் எல்லோருக்கும் வந்தது. வண்டிப் பாதையோரத்தில் பழைய எல்லைக்கல் ஒன்று மணலுக்குள் அசையாமல் நிற்பதைக் காக்கா கண்டுபிடித்தார். படத்தில் அந்தக் கல்லில் இருந்து கிழக்கே ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட ஒரு சிறு வட்டம். கிணறு. மூன்று சங்கிலி இருபது கண்ணி, அதாவது இருநூற்றுப் பதினோரு அடி. நைலோன் கயிற்றில் அடி அளந்து முடிச்சுப் போட்டு, பேரனை ஒரு முனையில் நிறுத்திக் கிழக்கே நடந்தார். முடிச்சு விழுந்த இடத்தில் தோண்டச் சொன்னார். முதலில் ஒன்றும் இல்லை. ஒரு முழம் வடக்கே தள்ளித் தோண்டியபோது மண்வெட்டி கிணற்றுக் கட்டில் பட்டது.

கல்லும் கிணறுமாக இரண்டு புள்ளி கிடைத்தால் சங்கிலிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? வடக்கு எல்லை பிடிபட்டது. போடியாரின் பரம்பரையில் வந்தவர்கள் தங்கள் உறுதியைக் கொண்டு வந்தார்கள். இரண்டு கடதாசிக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். அந்த ஒரு சாணை ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை. கிழக்கு எல்லை மட்டும் இன்றுவரை தீரவில்லை. கிழக்கே கடற்கரை என்று சேவையர் எழுதிவிட்டுப் போனார். அவர் கண்ட கடற்கரை எங்கே இருந்தது என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும்.

இலண்டன் படங்கள் பல இன்று பெரிய நூலகங்களால் கணினியில் ஏற்றப்பட்டு, வீட்டில் இருந்தபடியே பார்க்கத்தக்கதாக உள்ளன. ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகம் இவ்வேலையில் முன்னிற்கிறது. பிரித்தானிய நகரங்களின் தெருவிளக்குகளைக் கல்முனையில் இருந்து எண்ணிவிடலாம். கல்முனையின் கிணறுகளை எண்ணுவதற்குக் காக்காவின் பெட்டிதான் வேண்டும். அப்படிப்பட்ட பெட்டி ஊரில் ஒன்றிரண்டல்ல. கறையானும் இராமபாணப் பூச்சியும், பழைய உறுதி இனி எதற்கென்று அடுப்பில் போடும் பிள்ளைகளும் விட்டுவைத்தவை இன்னும் இருக்கின்றன. கடந்த சில வருடங்களில் பதினொரு வீடுகளில் பதினேழு படங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் நான்கு மகாராணி காலத்தவை. ஒன்றையும் வாங்கவில்லை. விற்கக் கேட்கவும் இல்லை. ஒவ்வொன்றின் எல்லைக்காரர் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். ஒரு படத்தின் வடக்கு எல்லைக்காரர் இன்னொரு படத்தின் சொந்தக்காரராக வந்து நிற்கும்போது இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கம் பொருந்துகின்றன. இதுவரை அப்படி ஐந்து பொருந்தியுள்ளன. ஒரு தெருவின் பாதி.

காக்காவின் படத்தைப் பிரதி எடுக்கப் போன நாளில் கைத்தொலைபேசியை நீட்டினேன். கையை மறித்துவிட்டார்.

"போன்ல புடிச்சா அளவு போயிரும் மாஸ்டர். சாய்வாப் புடிச்சா ஏக்கர் கூடும், குறையும். நாளைக்கி இத வெச்சி ஒருத்தன் வழக்குக்குப் போவான்."

பேரன் பள்ளிக்கூடப் பையில் இருந்து அடிமட்டம் ஒன்றைக் கொண்டு வந்தான். அதைப் படத்தின் கீழ் விளிம்போடு ஒட்டி வைத்தார் காக்கா. இன்னொன்றைப் பக்கவாட்டில் வைக்கக் கேட்டார். வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அயல்வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பினார். இரண்டாவது அடிமட்டம் வரும்வரை பிளேன்டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.